பதினேழாம் எண் பேருந்தும் பதினொரு சைக்கிள்களும்

பதினேழாம் எண் பேருந்தை ஓட்டும் பெண்ணைப் பயணிகள் எல்லாரும் 'பதினேழு அக்கா' என்றுதான் கூப்பிடுவார்கள். பதினான்கு வருடமாக ஓட்டுகிறாள். வண்டியில் ஒரு கீறல் கிடையாது. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு ஓட்டுகிறவள் என்று பணிமனை மேலாளரே பெருமையாகச் சொல்வார். அப்படிப்பட்டவளுக்கு ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஏழே முக்காலுக்கு உயிர் போய் உயிர் வந்தது.

நோட்டுக் கடை வாசலில் சாமான் இறக்கும் வேன் ஒன்றை நிறுத்தியிருந்தார்கள். வேனை ஒட்டி ஒரு குறுகலான சந்து. பேருந்து வேனைத் தாண்டும் நேரம் பார்த்து, சந்துக்குள்ளிருந்து ஒரு சைக்கிள் அம்பு மாதிரி சாலைக்கு வந்தது. அவள் கால் பிரேக்கில் ஏறி நின்றது. உள்ளே நின்றிருந்த அத்தனை பேரும் ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்தார்கள். யாருடைய சாப்பாட்டு டப்பாவோ முன்படிவரைக்கும் உருண்டு வந்தது.

இறங்கி ஓடிப் பார்த்தாள். பேருந்தின் முகப்புக்கும் சைக்கிளின் முன்சக்கரத்துக்கும் நடுவே ஒரு சாண் இருந்தது. சைக்கிளோடு தரையில் உட்கார்ந்திருந்தது பதினொரு வயதுப் பெண். பயத்தில் தானாக விழுந்திருந்தாள். முழங்கையில் கொஞ்சம் சிராய்ப்பு, வேறொன்றுமில்லை.

"அடி பட்டுச்சாம்மா?"

"இல்லக்கா."

"நான் வர்றதைப் பாக்கலையா நீ?"

"வேன் மறைச்சிருச்சு. ஆனா மணி அடிச்சேன்கா. நல்லா அடிச்சேன்."

"பஸ்ஸுக்குள்ள எனக்கு எதுவும் கேக்காதும்மா. இஞ்சின் சத்தம்தான் கேக்கும்."

"அப்படியா?" என்று அந்தப் பெண் உண்மையாகவே ஆச்சரியப்பட்டாள். "அவ்வளவு உசரத்துல உக்காந்திருக்கீங்க, அவ்வளவு பெரிய கண்ணாடி. நீங்க எப்படியும் என்னைப் பாத்துடுவீங்கன்னு நினைச்சேன்."

அன்று முழுக்க அந்த வார்த்தை அக்காவின் காதை விட்டுப் போகவில்லை. ஒவ்வொரு நிறுத்தத்திலும் கண்ணாடியை இரண்டு தடவை பார்த்தாள். பணி முடிந்ததும் விதிப்படி நடந்ததை நடந்தபடி எழுதிக் கொடுத்தாள். மேலாளர் அதன் நகலைப் பள்ளிக்கு அனுப்பினார். பள்ளியில் பெரிய டீச்சர் அதைப் படித்துவிட்டு மறுநாள் காலை வழிபாட்டிலேயே அறிவித்துவிட்டார்: இனி எந்தப் பிள்ளையும் சைக்கிளில் பள்ளிக்கு வரக் கூடாது.

இதெல்லாம் அக்காவுக்குத் தெரியாது. அடுத்த வாரம் சாயங்காலம் பணிமனை வாசலில் அதே பெண் புத்தகப் பையோடு நடந்து போவதைப் பார்த்தபோதுதான் தெரிந்தது. தெருவில் எல்லாரும் அவளைக் 'கிணிகிணி' என்பார்களாம். சைக்கிள் மணியும் ஓயாது, வாயும் ஓயாது என்பதால் வந்த பெயர்.

"சைக்கிள் எங்கம்மா?"

"பள்ளிக்கூடத்துல தடை போட்டுட்டாங்க. எங்கப்பா பேக்கரி ஸ்டோர் ரூம்ல வெச்சுப் பூட்டிட்டாரு. பாலத்துக்கு அந்தப் பக்கம் நாங்க பதினொரு பேர் இருக்கோம்கா. அங்க பஸ் வராது. இப்ப எல்லாரும் நடைதான். ஒரு மணி நேரம். எங்கள்ல சின்னவன் பட்டாணி மட்டும் பாதி வழியில உக்காந்து அழுவான்." பிறகு, கோபமே இல்லாமல், வானிலை சொல்வதுபோலச் சொன்னாள்: "நீங்க எழுதிக் குடுத்ததாலதானாம்."

அக்காவுக்கு முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. உள்ளதைத்தானே எழுதினேன் என்று மனசைச் சமாதானம் செய்து பார்த்தாள். மனசு கேட்கவில்லை. விடுமுறை நாள் வந்ததும் நல்ல புடவையாகப் பார்த்துக் கட்டிக்கொண்டு பெரிய டீச்சரைப் பார்க்கப் போனாள்.

பெரிய டீச்சர் கெட்டவர் இல்லை. மேசைமேல் அடுக்கியிருந்த விடைத்தாள்களுக்குப் பின்னால் தலை மட்டும் தெரிய உட்கார்ந்திருந்தார்.

"முந்நூறு பிள்ளைங்க என் பொறுப்புல இருக்காங்க. ஒண்ணுக்கு ஏதாவது ஆனா நான் யார் முகத்துல முழிப்பேன்? நீங்களே சொல்லுங்க."

"சரிதான் டீச்சர். ஆனா சனி ஞாயிறு அதே பிள்ளைங்க அதே ரோட்டுலதானே ஓட்டுதுங்க. அதுங்களுக்கு ஓட்டத் தெரியுது, ரோடு தெரியல. யாராச்சும் சொல்லிக்குடுத்தாங்களா?"

"யார் சொல்லிக்குடுப்பா? எங்க டீச்சருங்க யாருக்கும் தெரியாது."

"நான் சொல்லிக்குடுக்கறேன்."

வார்த்தை வாயிலிருந்து விழுந்துவிட்டது. பெரிய டீச்சர் கண்ணாடியைக் கழற்றி அவளை ஒரு நிமிடம் பார்த்தார்.

"ஆறு ஞாயித்துக்கிழமை தர்றேன். ஏழாவது ஞாயிறு ரோட்டுல ஓட்டிக் காட்டட்டும். நானே நின்னு பாப்பேன். ஒரே ஒரு பிள்ளை தப்பு பண்ணினாலும் தடை அப்படியே இருக்கும். சம்மதமா?"

"சம்மதம்."

விறைப்பாக வெளியே வந்தவள், பள்ளி வாசலைத் தாண்டியதும் அப்படியே நின்றுவிட்டாள். அவளுக்கு சைக்கிள் ஓட்டத் தெரியாது.

சிரிக்க வேண்டாம். அப்படியும் ஆட்கள் இருக்கிறார்கள். வீட்டில் மூன்று அண்ணன்களுக்கும் அவளுக்கும் சேர்த்து ஒரே சைக்கிள். அவள் முறை வருவதற்குள் அது பழைய இரும்புக்காரனிடம் போய்ச் சேர்ந்தது. அப்புறம் வளர்ந்து, கார் கற்று, லாரி கற்று, நேராகப் பேருந்தில் ஏறிவிட்டாள். பன்னிரண்டு டன் வண்டியைப் பூ மாதிரி திருப்புவாள். இரண்டு சக்கரத்தில் உட்கார்ந்தது கிடையாது.

இரவு சாப்பாட்டின்போது கணவனிடம் சொன்னாள். கண்ணாடிக் கடையில் மூக்குக்கண்ணாடி பொருத்தும் அமைதியான மனிதர் அவர். சிரித்ததில் புரையேறி, தண்ணீர் குடித்து, மறுபடி சிரித்தார்.

"போதும் நிறுத்துங்க."

"இல்ல, நீச்சல் தெரியாதவன் கப்பல் ஓட்டினான்னு கேட்டா எப்படி இருக்கும்? அதான்." கண்ணைத் துடைத்துக்கொண்டார். "சரி, கத்துக்கோயேன். என்ன குறைஞ்சு போச்சு? காயத்துக்கு மருந்து நான் போட்டு விடறேன்."

மறுநாள் கிணிகிணியை வழியில் மறித்தாள். விஷயத்தைச் சொன்னதும் அந்தப் பெண்ணின் வாய் முதல்முறையாக மூடிக்கொண்டது. பிறகு கேட்டாள்: "நிஜமாவே தெரியாதா?"

"நிஜமாவே தெரியாது. நீ சொல்லிக்குடுக்கறியா?"

பணிமனைக்குப் பின்னால், ஓடாத பேருந்துகளை நிறுத்தும் வெற்றிடம் ஒன்று உண்டு. பள்ளி விட்டு வரும் வழிதான். அங்கே தினமும் சாயங்காலம் அரை மணி நேரம் பாடம் நடந்தது. மெக்கானிக்கின் சைக்கிளை இரவல் வாங்கிக்கொண்டார்கள். முதல் நாள் அக்கா நான்கு தடவை விழுந்தாள். இரண்டாம் நாள் ஏழு. முன்னேற்றம் எதிர்த்திசையில் இருக்கிறதே என்று மெக்கானிக் கேட்டுவிட்டுப் போனான்.

"சக்கரத்தைப் பாக்காதீங்கக்கா. போற இடத்தைப் பாருங்க."

"போற இடம் தெரிஞ்சாத்தானே பாக்கறதுக்கு?"

"இப்படிப் பேசினா விழத்தான் செய்வீங்க. மிதிங்க. பயந்து நிறுத்தாதீங்க, மிதிங்க."

ஆறாம் நாள், கிணிகிணி பின்னாலிருந்து கையை எடுத்தது தெரியாமலேயே அக்கா வெற்றிடத்தின் அந்தக் கோடிவரைக்கும் போனாள். திரும்பத் தெரியாமல் ஒரு பழைய பேருந்தின் டயரில் முட்டி நின்றாள். முப்பத்தொன்பது வயதில் முதல்முறையாக, வண்டி ஓட்டும்போது அவள் உச்சந்தலையில் காற்று பட்டது. வெட்கத்தைப் பார்க்காமல் உரக்கச் சிரித்தாள். டயர் கழற்றிக்கொண்டிருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

அந்த வாரமே இன்னொன்றும் அவளுக்குத் தெரிந்தது. பின்னால் வண்டி வருகிறதா என்று தலையைத் திருப்பிப் பார்த்தால், கை தானாக அந்தப் பக்கமே சைக்கிளை இழுத்துக்கொண்டு போகிறது. பேருந்தில் உட்கார்ந்து, இந்தப் பிள்ளைகள் ஏன் திரும்பிப் பார்க்காமல் குறுக்கே வருகின்றன என்று இத்தனை வருடம் பல்லைக் கடித்திருக்கிறாள். திரும்பிப் பார்ப்பதுதான் கஷ்டம் என்பது இப்போதுதான் புரிந்தது. நேராகப் போய்க்கொண்டே பின்னால் பார்க்கும் பழக்கம் வரத் தனக்கே மூன்று நாள் ஆனதை மனதில் குறித்துக்கொண்டாள்.

முதல் ஞாயிறு வந்தது. மேலாளரிடம் கெஞ்சிக் கூத்தாடி, பதினேழாம் எண் பேருந்தையே பள்ளி மைதானத்தில் கொண்டுவந்து நிறுத்தினாள். பதினொரு பிள்ளைகளும் வந்திருந்தார்கள். பத்துப் பேரிடம் சைக்கிள் இருந்தது. கிணிகிணி வெறுங்கையோடு நின்றாள். எல்லாரிலும் சின்னவன் பட்டாணி, எட்டு வயது, தன்னைவிடப் பெரிய சைக்கிளைப் பிடித்துக்கொண்டு.

பாடம் தொடங்குமுன் கிணிகிணியின் அப்பா வந்துவிட்டார். அடுப்படியிலிருந்து நேராக வந்திருக்க வேண்டும். முழங்கைவரை மாவு.

"பள்ளிக்கூடத்துல படிக்கப் போறேன்னு சொல்லிட்டு இங்க வந்து நிக்கறியா? வா வீட்டுக்கு." பிறகு அக்காவிடம் திரும்பினார். "நீங்கதானே அந்த டிரைவர்? எம்பொண்ணு பொழைச்சதுக்கு உங்களுக்குத் தினமும் நன்றி சொல்லிக்கறேன். ஆனா இனிமே அவ சைக்கிளைத் தொட மாட்டா. மன்னிச்சுக்குங்க."

"கூட்டிட்டுப் போங்கண்ணே. அதுக்கு முன்னால ரெண்டே நிமிஷம். என் சீட்டுல ஏறி உக்காருங்க."

அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. மாவுக் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு ஏறி உட்கார்ந்தார். அக்கா கீழே போய்ப் பிள்ளைகளை ஆளுக்கொரு இடமாக நிற்க வைத்தாள். பிறகு அவர் பக்கத்து ஜன்னலுக்குக் கீழே வந்து நின்றாள்.

"கண்ணாடியில, முன்னால, பக்கத்துல, எங்க வேணா பாருங்க. எத்தனை பிள்ளைங்க தெரியுது?"

அவர் கழுத்தை நீட்டிப் பார்த்தார். சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

"ரெண்டு. மத்ததெல்லாம் எங்க, அனுப்பிட்டீங்களா?"

"இறங்கி வந்து பாருங்கண்ணே."

இறங்கி வந்தார். ஒரு பிள்ளையும் எங்கும் போகவில்லை. கதவை ஒட்டி நான்கு பேர், பேருந்தின் முதுகோடு முதுகாக மூன்று பேர், பின்சக்கரத்தின் ஓரத்தில் ஒருவன். எல்லாரையும் எண்ணிக்கொண்டே முன்பக்கம் வந்தவர் நின்றுவிட்டார். முகப்புக் கண்ணாடிக்கு நேர் கீழே, பேருந்தைக் கையால் தொட்டுக்கொண்டு, அவருடைய மகள் நின்றிருந்தாள்.

"உன்னை நான் பாக்கவே இல்லையேம்மா," என்றார்.

"யாருக்கும் தெரியாதுப்பா. அக்கா சொன்னாங்க. டிரைவர் மூஞ்சி நமக்குத் தெரிஞ்சாத்தான் நம்ம மூஞ்சி டிரைவருக்குத் தெரியுமாம்."

பேக்கரிக்காரர் அக்காவைப் பார்த்து, "தரையில கோடு கீடு போடணுமா?" என்று கேட்டார். அரை மணி நேரத்தில் கடையிலிருந்து கூட்டி அள்ளிய மாவு ஒரு மூட்டை வந்தது. கூடவே, கடை வண்டியின் பின்னால் கட்டி, கிணிகிணியின் சைக்கிளும் வந்தது. மைதானத்தில் வெள்ளை வெளேரென்று ஒரு சாலை, ஒரு நாற்சந்தி, ஒரு ரவுண்டானா எல்லாம் உருவாகிவிட்டன. பெரிய டீச்சர் மாடி ஜன்னலிலிருந்து பார்த்துவிட்டு, மழை வந்தால் களி கிண்டலாம் என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போனார்.

அடுத்த ஐந்து ஞாயிறும் வேர்வை ஆறாய் ஓடியது. நிற்கும் கார்களுக்காக நாற்காலிகளை வரிசையாகப் போட்டாள் அக்கா. கதவு எப்போது வேண்டுமானாலும் திறக்கும், ஒரு கதவு அகலம் தள்ளிப் போ என்பாள். சொல்லிக்கொண்டே திடீரென்று ஒரு அட்டையை நீட்டுவாள். அட்டையில் இடித்தவன் முதலிலிருந்து வர வேண்டும். பின்னால் நின்று விரல்களைக் காட்டுவாள். நேராக ஓட்டிக்கொண்டே திரும்பிப் பார்த்து எத்தனை விரல் என்று சொல்ல வேண்டும். பட்டாணி முதல் மூன்று வாரமும் திரும்பிப் பார்த்த பக்கமே போய் மாவு ரோட்டைத் தாண்டிச் செடிக்குள் விழுந்தான். நாலாவது வாரம் கோடு பிசகாமல் போய், "மூணு விரல், அதுல ஒண்ணுல பிளாஸ்திரி," என்று கத்தினான். அந்தப் பிளாஸ்திரி அவள் கணவர் ஒட்டியது.

ஏழாவது ஞாயிறு காலை ஒன்பது மணிக்குப் பள்ளி வாசலிலிருந்து பன்னிரண்டு சைக்கிள்கள் புறப்பட்டன. கடைசியில் அக்கா. வழி எல்லாருக்கும் தெரியும்: கடைத்தெரு, ரவுண்டானா, பாலம், திரும்பப் பள்ளி. கடைத்தெருவில் ஒரு டீச்சர், பாலத்தில் ஒரு டீச்சர், தப்பைக் குறித்துக்கொள்ளக் கையில் ஆளுக்கொரு தாளோடு. ரவுண்டானா நடைபாதையில் பெரிய டீச்சரே குடையோடு நின்றிருந்தார். அவர் பக்கத்தில் பேக்கரிக்காரர், நகத்தைக் கடித்துக்கொண்டு.

கடைத்தெருவின் நடுவில் ஒரு காரின் கதவு பட்டென்று திறந்தது. முன்னால் போன மூவரும் கதவுக்கு எட்டாத தூரத்தில் அலுங்காமல் போனார்கள். இறங்கிய ஆள்தான் திடுக்கிட்டுக் கதவை இழுத்துக்கொண்டார். அக்காவுக்குப் பாதி மூச்சு வந்தது.

மீதி மூச்சு ரவுண்டானாவில் நின்றது. அந்த நேரத்தில் வரிசையின் தலையில் இருந்தவன் பட்டாணி. ஒரு வளைவுக்கு ஒருவர் முன்னால் வர வேண்டும் என்பது அவர்களே வைத்துக்கொண்ட முறை. அவனுக்கு முன்னால் இரும்புக் குழாய்கள் ஏற்றிய நீள லாரி ஒன்று திரும்புவதற்காக மெதுவாக நின்றது. லாரிக்கும் நடைபாதைக்கும் நடுவே ஒரு சைக்கிள் தாராளமாகப் போகும் அளவு இடைவெளி. பார்த்தால் யாருக்கும் ஆசை வரும். பன்னிரண்டாவது ஆளாய்ப் பின்னால் வரும் அக்கா அங்கிருந்து என்ன கத்தினாலும் அவனுக்குக் கேட்காது.

பட்டாணி இடைவெளியைப் பார்த்தான். லாரியின் பக்கக் கண்ணாடியைப் பார்த்தான். அதில் ஓட்டுநரின் முகம் தெரியவில்லை. பிரேக்கைப் பிடித்தான். ஒரு கையைத் தூக்கினான். அவனுக்குப் பின்னால் பதினொரு சைக்கிள்களும் ஒன்றன்பின் ஒன்றாக நின்றன.

லாரி திரும்பியது. தலை அகலமாகப் போக, வால் உள்ளே வெட்டிக்கொண்டு வந்தது. அந்த இடைவெளி குறுகிக் குறுகி, பிறகு இல்லாமலே போயிற்று. பின்சக்கரம் நடைபாதை விளிம்பில் ஏறி இறங்கியது. பெரிய டீச்சர் இரண்டடி பின்னால் நகர்ந்தார். பேக்கரிக்காரர் கண்ணை மூடிவிட்டார். கண்ணைத் திறந்தபோது பட்டாணி திரும்பிப் பின்னால் பார்த்து, கை காட்டி, நிதானமாக ரவுண்டானாவுக்குள் போய்க்கொண்டிருந்தான். மற்றவர்கள் நூல் பிடித்த மாதிரி அவன் பின்னால்.

அக்காவுக்குக் கண் கலங்கிவிட்டது. அந்தக் கலக்கத்தில் பாலத்துக்குத் திரும்பும் இடத்தில் கை காட்ட மறந்து போனாள்.

"அக்கா, கை," என்று முன்னாலிருந்து கிணிகிணி போட்ட சத்தம் ரவுண்டானா முழுக்கக் கேட்டது. கடைக்காரர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள்.

பள்ளி வாசலில் எல்லாரும் வேர்த்து விறுவிறுத்து வரிசையாக நின்றார்கள். பெரிய டீச்சர் இரண்டு டீச்சர்களின் தாள்களையும் வாங்கி, தன் தாளோடு சேர்த்து, கண்ணாடியை மாட்டி, ஆற அமரப் படித்தார்.

"ஒரு தப்பு நடந்திருக்கு. ரவுண்டானாவுல ஒருத்தர் கை காட்டல."

அக்கா தலையைக் குனிந்துகொண்டாள். பட்டாணியின் உதடு பிதுங்கத் தொடங்கியது.

"என் கணக்குல பிள்ளைங்க பதினொரு பேர்," என்று தொடர்ந்தார் பெரிய டீச்சர். "பதினொரு பேரும் பாஸ். பெயிலானது பன்னிரண்டாவது ஆள். அவங்க இந்தப் பள்ளிக்கூடத்துல படிக்கல. அதனால நாளையிலேருந்து சைக்கிள்ல வரலாம்."

அதற்குப் பிறகு அவர் என்ன சொன்னாரோ, யாருக்கும் கேட்கவில்லை. பதினொரு மணிகளும் ஒரே நேரத்தில் அடிக்க ஆரம்பித்திருந்தன. பேக்கரிக்காரர் மகளைச் சைக்கிளோடு சேர்த்துத் தூக்கப் பார்த்து, முடியாமல், பட்டாணியைத் தூக்கிக்கொண்டார். நான் எதுக்கு என்று அவன் கேட்டுக்கொண்டே இருந்தான்.

பெரிய டீச்சர் அக்காவின் பக்கம் வந்தார். "நீங்க திரும்பப் பரீட்சை எழுதணும்," என்றார் முகத்தைக் கடுமையாக வைத்துக்கொண்டு. பிறகு குடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அவள் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். "அந்த லாரி திரும்பினப்ப எனக்கு ஈரக்குலையே நடுங்கிப் போச்சும்மா. அந்தச் சின்னப் பையன் நின்னான் பாருங்க. அப்படியே மலை மாதிரி நின்னான்."

அடுத்த ஞாயிறு ஓய்வெடுக்கலாம் என்றுதான் அக்கா நினைத்திருந்தாள். காலை எட்டு மணிக்கே கிணிகிணி வீட்டு வாசலில் வந்து மணியடித்தாள். பள்ளியில் கூட்டம் தாங்கவில்லையாம், உடனே வரச் சொன்னார்களாம்.

போய்ப் பார்த்தால் வாசலில் நாற்பத்தாறு பிள்ளைகள். பக்கத்துப் பள்ளிக்கூடத்தின் சீருடையில்கூடச் சிலர் வந்திருந்தார்கள். கூடவே அப்பாக்கள், அம்மாக்கள், ஒரு தபால்காரர். மைதானத்தில், மேலாளர் அனுப்பிவைத்திருந்த பதினேழாம் எண் பேருந்துக்குப் பக்கத்தில், பேக்கரிக்காரர் இரண்டாவது மூட்டையைப் பிரித்துக்கொண்டிருந்தார். பட்டாணி தன்னைவிட உயரமான பையன்களை வரிசையில் நிறுத்தி, யாருடைய பிரேக் பிடிக்கவில்லை என்று ஒவ்வொன்றாக அமுக்கிப் பார்த்துக்கொண்டிருந்தான். ஒருவனுடையது பிடிக்கவில்லை. "போய்ச் சரி பண்ணிட்டு வாங்கண்ணா," என்று அவனை மரியாதையாகவே திருப்பி அனுப்பினான்.

அக்கா சைக்கிளை விட்டு இறங்காமலேயே, ஒரு காலை ஊன்றிக்கொண்டு, பேருந்தில் பின்சீட்டுவரைக்கும் கேட்குமே அந்தக் குரலில் சொன்னாள்: "எல்லாரும் வழி விட்டு வரிசையா நில்லுங்க. முதல்ல பெத்தவங்க ஒவ்வொருத்தரா என் சீட்டுல ஏறுங்க."